அங்கேயே கிடக்கட்டும்

ஈப்போவில் நாங்கள் வேலை செய்யும் டோபி சலவைக்கூடத்தில், ஓட்டல் படுக்கை விரிப்புகளை இஸ்திரி மிஷினுக்குள் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். விரிப்பின் ஒரு முனையை ஒருத்தி பிடிப்பாள், மறுமுனையை இன்னொருத்தி. பல வருஷமாக மறுமுனை நவமணியக்காவின் கையில்தான் இருந்தது. அவர் இழுக்கிற இழுப்பிலேயே அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரிந்துவிடும். அவருக்கு நேர்ந்ததை நான் சொல்லலாம் என்று நினைப்பதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

நவமணியக்கா கோப்பெங்குக்குப் பின்னால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவர் பள்ளிக்கூடத்தை விட்ட சமயத்தில் தோட்டம் கைமாறியது. மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். லயத்துச் சனங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். அதே தோட்டத்துப் பையன் சின்னையாவைக் கட்டிக்கொண்டு, கோப்பெங் டவுனிலேயே ஒரு மலிவு அடுக்கு வீட்டுக்குக் குடிவந்தார். யுகேந்திரன் என்று ஒரே பிள்ளை.

சின்னையா அண்ணனுக்கு வேலை குட்டையில். அந்தக் காலத்தில் ஈயம் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து கிடக்கும். கோப்பெங் பக்கம் அப்படி எத்தனையோ குட்டைகள். சிலதில் மீன் வளர்க்கிறார்கள், சிலதில் வாத்து. ஒரு சீன முதலாளி, தவுக்கே, ஒரு பெரிய குட்டையில் இரும்பு மிதவையை விட்டு, பம்பு வைத்து, அடியில் இருக்கும் மணலை உறிஞ்சி விற்றுக்கொண்டிருந்தார். மிதவையின் நடுவில் இரும்பு அறை ஒன்று. அதற்குள் என்ஜின். அந்த என்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர் சின்னையா அண்ணன்.

நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குள் இருந்து அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் கத்தித்தான் பேசுவார். “நவமணி, ரசம் ரொம்ப நல்லா இருக்கு!” என்பது கீழ்வீடு வரைக்கும் கேட்கும். புருஷன் பெண்டாட்டிக்குள் ஓயாத சண்டை என்று பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். இதை அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். புருஷனைப் பற்றி அவர் சிரித்துச் சொன்னது அந்த ஒன்றுதான்.

யுகேந்திரன் நாலாம் வகுப்பு படித்த வருஷம். தொடர்ந்து மழை. குட்டையின் ஓரத்தில் மலை மாதிரி குவித்து வைத்திருந்த மணல், கரையோடு சேர்ந்து சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. அந்த அலையில் மிதவை ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்துவிட்டது. மேலே நின்ற வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டு பேரும் நீந்திக் கரையேறினார்கள். சின்னையா அண்ணன் என்ஜின் அறைக்குள் இருந்தார்.

தீயணைப்புப் படையின் பொம்பாக்காரர்கள் வந்தார்கள். முங்குகிறவர்கள் உள்ளே போனார்கள். அந்தக் குட்டையின் தண்ணீர் மேலே பார்க்கப் பச்சையாக அழகாக இருக்கும். ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே போனால் முகத்துக்கு நேரே கையை வைத்தாலும் தெரியாது. அடியில் மாவு கரைத்த மாதிரி சேறு. மிதவை தலைகீழாக அந்தச் சேற்றில் புதைந்திருந்தது. அதைச் சுற்றிக் குழாயும் கம்பிக் கயிறும் பின்னிக் கிடந்தன. தடவித் தடவித்தான் தேடினார்கள். ஒரு நாள், முங்கின ஓர் ஆளின் முதுகில் இருந்த காற்றுச் சிலிண்டர் கம்பிக் கயிற்றில் மாட்டிக்கொண்டது. அவரை மேலே கொண்டுவந்தபோது உதடெல்லாம் நீலம். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசுதான் இருக்கும். கரையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். இன்னொருவர் கிளாஸைப் பிடித்துக் குடிக்கவைத்தார். அக்கா பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பெரிய ஆபீசர் வந்து, அக்காவைக் ‘காக்’ என்று கூப்பிட்டு, மலாயில் கேட்டார். “இன்னும் இறங்கலாம் காக், நீங்கள் சொன்னால் இறங்குவோம். ஆனால் உள்ளே போகிற ஆள் திரும்பி வருவான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.”

சின்னையாவின் கூடப்பிறந்த அண்ணன், “எறங்கச் சொல்லு, எறங்கச் சொல்லு,” என்று அழுதார்.

அக்கா அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “போதும். அங்கேயே கெடக்கட்டும்,” என்றார்.

ஆபீசர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அவர் கஷ்டப்பட்டிருக்க மாட்டார். கவிழ்ந்த உடனேயே முடிந்திருக்கும்,” என்று சொன்னார். அந்த வார்த்தையைத்தான் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பதினாறாம் நாள், தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, குட்டைக் கரையிலேயே யுகேந்திரன் கையால் கொள்ளி வைத்தார்கள். சின்னையாவின் அண்ணன் அதற்கு வரவில்லை. பிணத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தவள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிந்தார். அவர் சாகும் வரைக்கும் அக்காவோடு பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் அக்கா டோபிக்கு வந்தது. விடியற்காலை பஸ்ஸில் வருவார், சாயங்கால பஸ்ஸில் போவார். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் லீவு போட்டுவிட்டுக் குட்டைக்குப் போவார். நான் கார் ஓட்டக் கற்று ஒரு காடி வாங்கின பிறகு நானே கூட்டிப் போனேன். கரையில் அ லெக் என்ற சீனக் கிழவர் வாத்து வளர்த்தார். அவருடைய கொட்டகையில் ஒரு பலகை போட்டிருக்கும். அதில் உட்காருவோம். அக்கா ஒரு வாழையிலையில் சோறும் ரசமும் வைத்துத் தண்ணீர் ஓரத்தில் விடுவார். கொஞ்ச நேரத்தில் வாத்துகள் வந்து தின்றுவிடும். அதைப் பற்றி அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். “பசிக்குது, திங்குது லா,” என்பார்.

நான் ஒரு தடவை கேட்டேன், “மனசு கஷ்டமா இல்லையாக்கா, இப்படித் தண்ணிக்குள்ள விட்டது?”

“கஷ்டந்தான். ஆனா எங்க இருக்காருன்னு தெரியுது பாரு, கலா. அந்த ரூமுக்குள்ள இருக்காரு. கதவு சாத்தியிருக்கு. மழை பேஞ்சா அவரு கதவச் சாத்தி உள்தாப்பா போட்டுக்குவாரு, என்ஜின் நனையக் கூடாதுன்னு. அப்படியே இருக்காரு.”

பசாரில் குட்டை மீன் விற்பார்கள், திலாப்பியா. அதை மட்டும் அக்கா வாங்கவே மாட்டார். மற்றபடி சிரிக்கிற இடத்தில் சிரித்து, தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு, எல்லாரையும் போலத்தான் இருந்தார்.

யுகேந்திரன் வளர்ந்தான். லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை. குடிக்க மாட்டான், சிகரெட் கிடையாது, ஆனால் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவும் மாட்டான். வருஷ நாளில் குட்டைக்குக் கூப்பிட்டால், “அங்க என்ன இருக்கு, தண்ணிதானே இருக்கு,” என்று போய்விடுவான்.

கொரோனா முடிந்து ஊர் பழையபடி நடமாட ஆரம்பித்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் ஆரஞ்சுப் பையோடு வந்து நின்றார். பெயர் மெய்யப்பன். வீடமைப்புக் கம்பெனி ஒன்றில் மேனேஜர். செட்டிநாட்டுக் குடும்பம், பேச்சிலேயே தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

“அம்மா, அந்தக் குட்டை இப்போ எங்க கம்பெனி கையில இருக்கு. மூடிட்டு வீடு கட்டப் போறோம். அதுக்கு முன்னாடி அடியில கிடக்கிற இரும்பை எல்லாம் எடுத்தாகணும். விசாரிச்சப்போ உங்க வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம செய்றது சரியில்லைன்னு வந்தேன்.”

“எடுக்காதீங்க தம்பி,” என்றார் அக்கா.

மெய்யப்பன் ஆரஞ்சுப் பையைத் தரையில் வைத்தார்.

“மூடத்தானே போறீங்க? அப்படியே மண்ணக் கொட்டி மூடிடுங்க. பொதைச்ச மாதிரி ஆயிரும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரு கல்லுகூட வைக்க வேணாம்.”

“என் விருப்பத்துக்கு விட்டா அப்படியே விட்டுருவேன்மா.” அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மேல கேட்டுப் பாக்கிறேன். உறுதியா எதுவும் சொல்ல முடியாது.”

கேட்டுத்தான் இருக்கிறார். ஒரு வாரம் கழித்து போன் பண்ணினார். அவ்வளவு பெரிய இரும்பு சேற்றுக்குள் கிடந்தால் நிலம் ஒரு பக்கம் இறங்கும், வீட்டுச் சுவர் பிளக்கும், எஞ்சினியர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என்று சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எதிர்த்துப் பேசவும் எங்களிடம் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் யுகேந்திரன் வேலை முடிந்து வந்தான். யாரோ பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள்.

“அப்பாவ எடுக்க வேணாம்னு சொன்னியாம்?”

“ஆமாடா.”

“அன்னைக்கும் நீதான் வேணாம்னு சொன்ன.”

“அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும்டா. அது போதும் எனக்கு.”

“எனக்குப் போதல,” என்றான் அவன். அவன் குரல் அப்பா குரல் மாதிரியே பெரிதாக வந்தது. “புல்லுல பொம்ம செஞ்சு கொளுத்துனேன்மா நானு. பத்து வயசுல. அது என்னான்னுகூட எனக்குத் தெரியல. ஒரு எலும்பு கெடைச்சாப் போதும். கையில வாங்கி, முறையா எரிச்சு, கடல்ல கரைச்சிட்டு வாரேன். அப்புறம் நான் ஒன்னைய ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

அவன் கேட்பதும் நியாயம்தானே. அடுத்த நாள் விரிப்பை இழுக்கும்போது அவர் பக்கம் தளர்ந்து தளர்ந்து போனது. துணி சுருங்கி மிஷினுக்குள் போய், சூப்பர்வைசரிடம் இரண்டு பேரும் ஏச்சு வாங்கினோம்.

அவர் சும்மா இருக்கவில்லை. கோயில் கமிட்டிக்குப் போனோம். அது எங்கள் நிலமில்லை என்றார்கள். தொகுதிச் சேவை மையத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டு, கட்டாயம் கூப்பிடுகிறோம் என்றாள். நில ஆபீஸில் இருந்தவர் ரொம்ப மரியாதையானவர். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, “கல்லறையாக இருந்தால் ஏதாவது செய்யலாம் காக், இது குட்டை என்றுதானே பதிவாகியிருக்கிறது,” என்றார். ஒருவர்கூட எங்களை விரட்டவில்லை. எல்லாரும் கெசியான் கெசியான், பாவம் பாவம் என்றார்கள். வெளியே வந்து காடியில் உட்கார்ந்ததும் அக்கா, “யாரு மேல கோவப்படுறதுன்னே தெரியல கலா,” என்றார்.

பழைய இரும்பு எடுக்கிற கொந்திராக்டர் வந்து முதலில் தண்ணீரை இறைத்தான். வாரக்கணக்காக பம்பு ஓடியது. தண்ணீர் இறங்க இறங்கக் கரை சிவப்பாக வெளியே வந்தது. அ லெக் வாத்துகளை விற்றுவிட்டார். யுகேந்திரன் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, அந்தக் கொந்திராக்டரிடமே இரும்பு வெட்டுகிற ஆளாகச் சேர்ந்துகொண்டான். அக்காவிடம் அவன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். “அவன் கையி படட்டும். யாரோ வெட்டுறதுக்கு அவன் வெட்டட்டும்,” என்றார்.

மிதவையைத் தூக்குகிற நாளில் நாங்கள் போனோம். வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். கேட்கவில்லை. அ லெக்கின் கொட்டகையில் அந்தப் பலகை மட்டும் மிச்சம் இருந்தது. போலீஸ்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள், எலும்பு கிடைத்தால் எடுத்துப்போக. மெய்யப்பனும் வந்து, எங்களிடம் வர முடியாமல், தூரத்தில் குடை பிடித்து நின்றார்.

கிரேன் இழுத்தது. சேறு விடவில்லை. கம்பி விறைத்து முனகுகிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை நிறுத்தி, மறுபடியும் கட்டினார்கள். பிறகு ஏதோ உடைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மிதவை இரண்டாகப் பிளந்து, என்ஜின் அறை இருக்கும் பாதி மட்டும் மேலே வந்தது. அதில் இருந்து சேறு கட்டி கட்டியாக விழுந்துகொண்டே இருந்தது. பழைய டீசல் வாடை கொட்டகை வரைக்கும் அடித்தது. கரையில் இறக்கி, ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள்.

அக்கா என் கையைப் பிடித்திருந்தார். அவருக்குக் கண்பார்வை கொஞ்சம் மங்கல். “கதவு தெரியுதா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்தது. கதவு முழுசாகச் சாத்தியிருக்கவில்லை. ஓர் ஆள் உடம்பைக் குறுக்கி நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. நான், “சரியாத் தெரியலக்கா,” என்றேன்.

யுகேந்திரன்தான் முதலில் உள்ளே போனான். போலீஸ்காரர் ஒருவர் அவனைத் தடுக்கப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டார். அவன் சேற்றைக் கையாலேயே அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தான். அள்ள அள்ளப் போலீஸ்காரர்கள் அதைச் சல்லடையில் போட்டுக் கழுவினார்கள். ஒரு டார்ச் லைட் வந்தது. ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் வந்தது, மூடி போட்டபடி. வேறு ஒன்றும் வரவில்லை. அறை காலியான பிறகும் அவன் இரும்புத் தரையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தான். இரண்டு பேர் போய் அவனைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்கள்.

தலையிலிருந்து கால் வரைக்கும் சேறாக அவன் நேரே எங்களிடம் வந்தான். அம்மாவின் முன்னால் மண்ணில் உட்கார்ந்தான்.

“அப்பா உள்ள இல்லம்மா.”

அக்கா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

“உள்தாப்பா எடுத்துருக்கு. கதவு இடுக்குல பெரிய ஸ்பேனரு ஒண்ணு சொருகி நெம்பியிருக்கு. இன்னும் அதுலயே மாட்டிக்கிட்டு இருக்கு. அவரு தெறந்துட்டாரும்மா. வெளிய வந்துட்டாரு.”

அவ்வளவு தண்ணீரின் கனத்தை எதிர்த்து, இருட்டில், தலைகீழாக நிற்கிற அறையில், கதவு எந்தப் பக்கம் என்று தேடி, ஸ்பேனரை எடுத்து நெம்பித் திறந்திருக்கிறார். திறந்து வெளியே வந்தால் சேறு. கவிழ்ந்த உடனேயே முடிந்திருக்கும் என்று அந்த ஆபீசர் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா இத்தனை வருஷம் தூங்கி எழுந்தார். அவர் மகன் தலையில் இருந்த சேற்றை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அது போகவில்லை.

போலீஸ்காரர்கள் அந்த இடத்தைச் சுற்றி இன்னும் கொஞ்ச நாள் தேடினார்கள். மண்வாரி இயந்திரம் தோண்டத் தோண்டச் சேறு திரும்பி வந்து மூடியது. ஒரு தடவை இயந்திரமே சாய்ந்து ஆள் பிழைத்தது பெரிய பாடு. நிறுத்திவிட்டார்கள். இந்த முறை யாரும் அக்காவை வந்து கேட்கவில்லை. லாரி லாரியாகச் செம்மண் வந்தது.

யுகேந்திரன் பட்டறைக்குத் திரும்பிப் போனான். ஆனால் அவன் பழைய ஆளாக இல்லை. வெல்டிங் போட்டுக்கொண்டே இருப்பவன் திடீரென்று அப்படியே நின்றுவிடுவானாம். தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு தடவை டாக்டரைப் பார்க்கிறான். மாத்திரை கொடுக்கிறார்கள், கொஞ்சம் தூங்குகிறான். ஒரு நாள் நான் இருக்கும்போதே அம்மாவிடம், “நான் அதப் பாத்திருக்கக் கூடாதும்மா,” என்றான். அக்கா அவனுக்குச் சோறு போட்டு, ரசம் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவனும் அவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், அதிகமாகவே. அது ஒன்றுதான் கிடைத்தது. அதற்குக் கொடுத்தது ரொம்ப அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

சொந்தக்காரர்கள், கோயில் பூசாரி, எல்லாரும் குட்டை மண்ணைக் கொஞ்சம் எடுத்து லூமூட் கடலில் கரைக்கச் சொன்னார்கள். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். “எந்த மண்ண எடுக்கிறது? மூட வந்த மண்ணு வேற எடத்து மண்ணு.”

போன வருஷம் அங்கே குடியிருப்பு கட்டி முடிந்து, தாமான் ஆகிவிட்டது. ஒரே மாதிரி வெள்ளை வீடுகள், வரிசை வரிசையாக. மெய்யப்பன் அக்காவுக்கு ஒரு தடவை போன் பண்ணி, வாசலில் ஒரு மரம் நட்டுப் பெயர்ப்பலகை வைக்கலாமா என்று கேட்டார். “அவரு எந்த வீட்டுக்கு அடியில இருக்காருன்னு தெரியுமா தம்பி?” என்று இவர் கேட்டார். “தெரியலம்மா,” என்றார் மெய்யப்பன். மரமும் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் அதே நாளில் போனோம். போய் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வாழையிலை கொண்டுவரவில்லை. தாமானுக்குள் காடியை நிறுத்தினேன். அக்கா இறங்கி ஒரு வரிசையில் நடந்துபோனார், திரும்பி அடுத்த வரிசையில் வந்தார். ஒரு வீட்டு வாசலில் தோரணம் இன்னும் காயவில்லை, புதுக் குடித்தனம். நம்ம ஆள்தான், மாசமாக இருந்த ஒரு சின்னப் பெண், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஓடி வந்தாள்.

“யாரு வீட்டக்கா தேடுறீங்க? வெயிலா இருக்கு, உள்ள வாங்க.”

நாற்காலி போட்டாள். ஐஸ் போட்டு மைலோ கலந்து கொண்டுவந்தாள். தன் பெயர் புஷ்பலதா, புருஷன் தாப்பாவில் வாத்தியார், இதுதான் அவர்கள் வாங்கின முதல் வீடு என்று கேட்காமலேயே சொன்னாள். சமையலறையில் தரை எப்போதும் ஜில்லென்று இருக்கிறது, அது அவளுக்குப் பிடித்திருக்கிறதாம்.

அக்கா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் காடியை அந்த வேலியோரம் கொண்டுவந்து, கண்ணாடியை இறக்கி, அதில் இருந்தே பார்த்தேன். அவர் உதடு அசைந்தது. இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“வழி தவறி வந்துட்டேன்மா,” என்றார். அவள் வயிற்றைப் பார்த்து, “எப்போ தேதி?” என்று கேட்டார். அவள் சொன்னாள். மைலோவை முழுசாகக் குடித்து, கிளாஸை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்து வந்தார்.

காடியில் ஏறியதும் கதவைச் சாத்தினார். நான் என்ஜினை முடுக்கவில்லை. அவர் அந்த வீட்டையும் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டையும் பார்க்கவில்லை. முன்கண்ணாடிக்கு நேரே தெரிகிற சுண்ணாம்புக் குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல பொண்ணு,” என்றார். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, “நாம இனிமே இங்க வர வேணாம் கலா. தெரிஞ்சா அது பயந்துரும்,” என்றார்.

“சரிக்கா.”

“போலாம், எடு.”